எண்ணெயும் வினையும்

வினைப்பயனை நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்று விதிக்கும் சைவ சித்தாந்தம், அந்த நுகர்ச்சியின் நடுவிலேயே ஒரு பெருஞ்சங்கடத்தையும் நமக்குக் காட்டி வைத்திருக்கிறது. பல பிறவிகளிலும் குவிந்த சஞ்சிதத்திலிருந்து இப்பிறவிக்கென்று பக்குவப்பட்டு வந்த பிராரத்தத்தை அநுபவிக்கையில், இன்பத்தின்மேல் விருப்பும் துன்பத்தின்மேல் வெறுப்பும் கொண்டு நாம் எண்ணுவனவும் பேசுவனவும் செய்வனவுமே ஆகாமியம் என்ற புதுவினையாக ஏறுகின்றன என்றால், கழிக்கும் காரியமே சேர்க்கும் காரியமாகவும் ஆகிவிடுகிறதே. பிறகு ஆன்மாவுக்கு விமோசனம் எவ்வாறு? மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் உள்ள பன்னிரண்டு சூத்திரங்களில் பத்தாவது இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. ஆயினும் அதைப் படித்து அறிவது வேறு, அப்படியும் ஒன்று நடக்கக் கூடும் என்று பிரத்தியட்சமாகக் கண்டு நம்புவது வேறு. அந்த நம்பிக்கையை எனக்கு அளித்தது, ஜவ்வாது மலைக்குப் போய்வருவதற்கென்று பழையதாக வாங்கிய ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்.

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறினாலும் சரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்தைக் கடந்து சென்றாலும் சரி, வளைவுகளும், மழை அரித்த தார் விளிம்புகளும், மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களையடுத்த வேகத்தடைகளும் வண்டியின் முன்பாகத்தை ஓயாமல் சோதிக்கின்றன. இறங்கும்போதோ, பிரேக்கைத் தொடுந்தோறும் வண்டியின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்சக்கரத்தின்மீது சாய்கின்றன. அந்தப் பாரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்குள்ளும் இருப்பவை மிகச் சிலவே: ஒரு குழாய், அதன்மேல் வழுக்கிச் செல்லும் உறை, ஒரு சுருள்வில், அளவான எண்ணெய், அது பாய்ந்து செல்லச் சில சிறு துளைகள், அது வெளியேறாமல் காக்கும் ஆயில் சீல்.

இவற்றில் அடியை வாங்குவது வில். ஆனால் வாங்கியதைத் தனக்குள்ளே தீர்த்துக்கொள்ளும் தன்மை வில்லுக்கு இல்லை. சக்கரம் பள்ளத்தில் விழுந்த க்ஷணத்தில் எவ்வளவு சக்தியைப் பெற்றதோ, ஏறக்குறைய அவ்வளவையும் மறு க்ஷணத்தில் திருப்பி உதைத்து, உதைத்த வேகத்தில் அளவு மீறி நீண்டு, மீண்டும் அமுங்கி, மீண்டும் எழும்பி, பாதையில் ஒரே ஒரு பள்ளம் இருந்த இடத்தில் ஓட்டுபவருக்குப் பல பள்ளங்களை உண்டாக்குகிறது. பிராரத்தத்திலிருந்து ஆகாமியம் முளைக்கும் விதத்தை இதைவிடத் தெளிவாக நான் எந்த உரையிலும் கண்டதில்லை: முதல் பள்ளம் பாதையினுடையது, மற்றவை நம்முடையவை. 1935-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஆர் 12 வண்டியின் ஃபோர்க்கில் புகுத்திய எண்ணெய்தான் இந்தத் தொடரை அறுத்தது. எண்ணெய் அடியைத் தடுப்பதில்லை. சக்கரம் மேலே வர வேண்டிய தூரம் முழுவதும் வர விட்டு, துளைகளின் வழியே தான் நெருக்குண்டு பாயும் அந்நேரத்திலேயே அசைவின் சக்தியை வெப்பமாக்கிக் காற்றில் போக்கிவிடுகிறது. அமுங்குகையிலும் எழும்புகையிலும் இவ்வேலை நடக்க வேண்டும். நல்வினை தீவினை இரண்டினிடத்தும் ஒத்த மனம் வாய்ப்பதை இருவினையொப்பு என்று நம் ஆசிரியர்கள் வகுத்த நியாயம் இங்கே விளங்குகிறது.

இருவினையொப்பை மரத்துப்போன நிலை என்று கொள்வோர் உண்டு. முன்பாகம் அமிழ்கிறதே என்று அஞ்சி, குறித்ததைவிடத் தடித்த எண்ணெயை ஊற்றியவர்களின் வண்டியில் அமர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். அடி நேரே மணிக்கட்டுக்கு வருகிறது. அதைவிடக் கேடு, மேடுகள் அடுத்தடுத்து வரும்போது, முதல் மேட்டில் அமுங்கிய ஃபோர்க் மீண்டு நீள்வதற்குள் இரண்டாவது வந்து, அதற்குள் மூன்றாவது வந்து, சிறிது சிறிதாகத் தாழ்ந்து கடைசியில் அசைய இடமின்றி இறுகிவிடுகிறது. துக்கத்தை விழுங்கியே பழகியவர் ஒருநாள் ஒரு சிறு சொல்லுக்கு உடைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். ஒத்த மனம் என்பது அதுவன்று. ஜவ்வாது மலையை அடுத்த திருவண்ணாமலையில், 1898-இல், வீடு திரும்பும்படி அழுத தாயாருக்கு, யாவும் பிராரத்தப்படியே நடக்கும் என்ற கருத்தை எழுதிக் காட்டிவிட்டு மௌனமாயிருந்தார் ரமணர். அதே தாயார் பின்னர் அவரிடமே வந்து வாழ்ந்து 1922-இல் உயிர் நீத்தபோது, ரமணர் அவர் தலையிலும் மார்பிலும் கை வைத்தபடி இறுதிவரை அருகிலேயே அமர்ந்திருந்தார். மரத்துப்போனவர் அப்படி அமர்ந்திருக்க மாட்டார்.

பழைய வண்டி வாங்கியவருக்கு இன்னொரு விசாரமும் எழும். குழாயின் குரோம் பூச்சில் துருப்புள்ளிகள். அவை சீலின் விளிம்பைக் கிழிக்க, எண்ணெய் கசிகிறது. எஞ்சிய எண்ணெயோ உலோகப்பொடி கலந்து கறுத்திருக்கிறது. மழையில் நிறுத்தியவர் ஒருவர், எண்ணெய் மாற்றாமல் ஓட்டியவர் ஒருவர், துன்பம் எனக்கா என்று கேட்பது மனித இயல்பு. அறத்துப்பாலை ஊழ் என்ற 38-ஆம் அதிகாரத்தோடு முடித்த வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையை 62-ஆம் அதிகாரமாக வைத்தார். விதி, முயற்சி இரண்டில் ஒன்றையும் அவர் கைவிடவில்லை. குற்றம் யாருடையது என்ற கேள்வி விற்பனையோடு முடிந்தது. எங்கே இருக்கிறது என்பதே வாங்கியவருக்கு உரிய கேள்வி. முன்பாகம் ஆடுவதெல்லாம் ஃபோர்க்கின் குற்றமாகாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை உயர்த்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கையில் ஆட்டம் தெரிந்தால், பெரும்பாலும் ஸ்டீயரிங்கின் கோன் செட் தளர்ந்திருக்கிறது. குழாய் வளைந்திருப்பதைக் கழற்றிச் சமதளக் கண்ணாடியின்மேல் உருட்டினால் காணலாம். துருப்புள்ளியை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினாலோ, புதுச் சீலையும் அதே புள்ளி கிழிக்கும். வினையின் மூலத்தை விட்டுப் பயனை மட்டும் துடைப்பவர் கதியும் அதுவே.

ஃபோர்க் தன் எண்ணெயைத் தானே மாற்றிக்கொள்ள இயலாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருவினையொப்போடு, மலம் பக்குவப்படுதலாகிய மலபரிபாகமும் திருவருள் பதிதலாகிய சத்திநிபாதமும் கூட வேண்டும், திருவருளின்றி ஆன்மா தானே கரையேறாது என்று சித்தாந்தம் சொல்வது முயற்சியைத் தாழ்த்துவதாகும் என்று சிலர் குறைகூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. வரும் அடியை முழுதும் ஏற்று இயங்குவது ஃபோர்க்கின் தருமம். கறுத்ததை வடித்துப் புதியதை அளந்து நிரப்பும் கை வேறு.

ஆகவே ஜவ்வாது மலைக்குப் பழைய வண்டியில் புறப்படும் அன்பர்கள், அடிவாரத்தில் முன்பிரேக்கை இறுகப் பிடித்துக் கைப்பிடியை ஒருமுறை பலமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். எழும்பி உடனே அடங்கினால் ஏறலாம். மேலும் ஓரிரு முறை ஆடினாலோ, குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தாலோ ஏறாதீர்கள்; அந்த எண்ணெய் பிரேக்கில் வழிந்தால் இறக்கத்தில் முன்பிரேக் பிடிக்காது. போளூரிலோ ஆலங்காயத்திலோ மெக்கானிக்கிடம் வண்டியை விட்டு, இரு கால்களிலும் கையேடு குறிக்கும் அளவில் சமமாக எண்ணெய் மாற்றிக்கொண்டு மறுநாள் ஏறுங்கள்.