மேடையேறாத பிள்ளை

போட்டியில் வென்ற பிள்ளையை எப்படிப் பாராட்டுவது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். சான்றிதழ் உண்டு, கோப்பை உண்டு, பொன்னாடை உண்டு, மறுநாள் நாளிதழில் புகைப்படமும் உண்டு. தோற்ற பிள்ளைக்கு நாம் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் நமக்குத் தெரியாதது. ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்கடமை தீர்ந்துவிடுகிறதா? சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மாலைப் பொழுதொன்றில், வெண்ணந்தூரில் இக்கேள்வி நம்முன் எழுந்தது. அன்று தொடங்கிய சிந்தனையை வாசகர்களோடு இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வெண்ணந்தூர், நாமக்கல் மாவட்டத்தில் இராசிபுரத்தை அடுத்துள்ள பேரூர். விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓயாத ஊர். சுற்றிலும் மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளையும் மேட்டு நிலங்கள். தறியில் அல்லது காட்டில் நாள் முழுவதும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளே இங்குள்ள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் பயில்கின்றனர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பெற்ற ‘கலைத் திருவிழா’ இப்பிள்ளைகளையும் வந்தடைந்தது. பாட்டு, ஆட்டம், ஓவியம், நாடகம், பேச்சு, இசைக்கருவி எனப் பலவகைப் போட்டிகள். முதலில் பள்ளி அளவில், பின்னர் வட்டார அளவில், அதன்பின் மாவட்ட, மாநில அளவில் என்று படிப்படியாக ஏறிச் செல்லும் அமைப்பு. மாநில அளவில் சிறந்தோருக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்னும் பட்டங்கள். முதலில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருந்த இவ்விழா, 2024–25ஆம் கல்வியாண்டில் தொடக்க வகுப்புகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. எனவே இது நம் திருச்சபை நடத்தும் பள்ளிகளையும் தொடும் செய்தியாகும்.

வட்டார அளவிலான போட்டி நடந்த நாளில் நாம் பார்வையாளராகச் சென்றிருந்தோம். சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வந்திருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாட்டுப்புறப் பாடல் ஒன்றைப் பாடினாள். நடவு வேலைக்குப் போகும் பாட்டியிடம் கற்ற பாடலாம். அன்றைய தறி வேலையை விட்டு, ஒருநாள் கூலியை இழந்து, அவளுடைய தாயும் உடன் வந்திருந்தார். முடிவுகள் அறிவிக்கப்பட்டபோது அவளுடைய பெயர் இல்லை. அதில் தவறொன்றும் இல்லை. அவளைவிட நன்றாகப் பாடியோர் அங்கே இருந்தனர். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது, அச்சிறுமி தன் ஆசிரியையிடம் கேட்டாள்: “இனிமே நான் பாட வேண்டாமுங்களா, டீச்சர்?”

அவள் அழவில்லை. அடம்பிடிக்கவும் இல்லை. விடுமுறை எப்போது என்று கேட்பதுபோல் இயல்பாகக் கேட்டாள். அந்த இயல்புதான் நம்மைக் கலங்கவைத்தது. பாடுவதற்கு ஒரு காரணம் இருந்தது, அது போட்டி. போட்டி முடிந்தது, ஆகவே பாட்டும் முடிந்தது என்று அக்குழந்தை விளங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர் எவரும் இல்லை. ஆயினும் பெரியோராகிய நாம் அனைவரும் சேர்ந்து, சொல்லாமலே அவ்வாறு கற்பித்திருந்தோம்.

இந்த மாவட்டத்தில் அக்கேள்விக்குத் தனியானதொரு பொருளும் உண்டு. சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் உருவான நாமக்கல், முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்றதைப் போலவே மதிப்பெண்ணுக்கும் பெயர் பெற்றது. தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை இங்குள்ள தனியார் விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து சேர்த்தனர். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் மாநிலத் தர வரிசையில் இம்மாவட்டத்தின் பெயர் முந்தி நிற்கும். கோழிப் பண்ணைகளோடு ஒப்பிட்டு ‘பிராய்லர் பள்ளிகள்’ என்னும் கசப்பான சொல்லும் அக்காலத்தில் வழக்கில் வந்தது. இறுதியில் 2017ஆம் ஆண்டில், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் முறையைத் தமிழக அரசு கைவிட்டது. ஒருவரை முதலாமவர் என்று உயர்த்தும்போது, இலட்சக்கணக்கான பிள்ளைகளிடம் ‘நீ அவனல்லன்’ என்று சொல்கிறோம் என்பதை நாம் ஓரளவு உணர்ந்ததன் விளைவு அது எனலாம்.

ஐந்தாண்டுகள் கழித்துக் கலைத் திருவிழா வந்தது. படிப்பில் பின்தங்கியவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு வாசல் திறந்தது. அதன் நன்மையை மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு வினாவை எழுப்பாதிருக்க இயலவில்லை: மதிப்பெண் பட்டியலிலிருந்து இறக்கிவைத்த தர வரிசையை நாம் மேடையில் ஏற்றிவைத்துவிட்டோமா?

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையோடு கேட்க வேண்டும். ‘போட்டியே வேண்டாம், பரிசே வேண்டாம்’ என்று சொல்வது வசதியுள்ளோருக்கு எளிது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பும் நடன வகுப்பும் உண்டு. பிறந்தநாள் தோறும் கைதட்டலும் உண்டு. தறிக்கூடத்துப் பிள்ளைக்கோ வாழ்நாளில் முதன்முறை ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்பதற்கு இந்த மேடை ஒன்றே வழி. அந்தச் சான்றிதழ் அவ்வீட்டுச் சுவரில் தொங்கும் முதல் சான்றிதழாக இருக்கலாம். பறை இசைக்கும் மாணவர் குழுவை அதே மேடையில் பாருங்கள். ஒரு சாராரின் மீது சுமத்தப்பட்ட இழிதொழிலின் அடையாளமாகச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டிருந்த கருவியை, இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் பெருமையோடு தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். போட்டி இல்லாதிருந்தால் இது இவ்வளவு விரைவில் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. எனவே போட்டியைப் பழிப்பது நம் நோக்கமன்று.

இந்த முரண்பாடு நம் கல்வி மரபுக்குப் புதிதும் அன்று. இயேசு சபையினர் 1599ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இராசியோ ஸ்டுடியோரும்’ என்னும் கல்வித்திட்டம், மாணவரிடையே நல்ல போட்டி மனப்பான்மையை வளர்ப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கண்டது. பரிசளிப்புக்கென்றே தனி விதிகளும் அதில் உண்டு. அச்சபையின் பள்ளிகளில் ஒரு வகுப்பையே உரோமையர், கார்த்தேஜியர் என்று இரு பாசறைகளாகப் பிரித்து எதிரெதிரே அமர்த்தும் வழக்கமும் இருந்தது. அப்பள்ளிகளிலிருந்து அறிஞர் பலர் தோன்றினர் என்பதை வரலாறு மறுக்காது.

அதே மரபில் வேறொரு காட்சியும் உண்டு. 1841ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இத்தாலியின் தூரின் நகரில், அவ்வாண்டு குருப்பட்டம் பெற்ற புனித ஜான் போஸ்கோ திருப்பலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவத் தெரியவில்லை என்பதற்காக, திருப்பொருள் அறைப் பணியாளர் ஓர் ஏழைச் சிறுவனை அடித்து விரட்டினார். பர்த்தலோமேயு கரெல்லி என்னும் அந்த அநாதைச் சிறுவனைத் தொன் போஸ்கோ திரும்ப அழைத்துவரச் செய்தார். படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டதாகவும், எல்லாவற்றுக்கும் தெரியாது என்றே சிறுவன் சொன்னதாகவும், இறுதியில் சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோது அவன் முகம் மலர்ந்ததாகவும் சலேசிய மரபில் சொல்வார்கள். பின்னாளில் இசையும் நாடகமும் விளையாட்டும் நிறைந்திருந்த தொன் போஸ்கோவின் இளையோர் கூடங்கள் அந்த ஒரு சந்திப்பிலிருந்தே தொடங்கின.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. போட்டி, ‘உங்களுள் யார் சிறந்தவர்?’ என்று கேட்கிறது. தொன் போஸ்கோ, ‘உன்னால் என்ன முடியும்?’ என்று கேட்டார். முதல் கேள்விக்கு விடையாவது ஒரே பெயர். இரண்டாம் கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு விடை உண்டு. அது கிடைக்கும்வரை கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கேள்வியைக் கேட்பது தவறன்று. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்பதே தவறு.

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்திலும் இவ்விரு கூறுகளையும் காண்கிறோம். கொரிந்து நகருக்கு அருகில் ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடைபெற்றன; வென்றவருக்குத் தழைகளால் ஆன, வாடிப்போகும் முடி சூட்டப்பட்டது. அதை அறிந்த மக்களுக்கே அவர் ஒன்பதாம் அதிகாரத்தில் பந்தயத்தில் ஓடுவதை உவமையாக்குகிறார். பயிற்சியையும் தன்னடக்கத்தையும் அவர் இகழவில்லை, போற்றவே செய்கிறார். ஆனால் அதே திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திற்கு வரும்போது உவமை ஓட்டக்களத்தை விட்டு உடலுக்கு மாறுகிறது. உடலில் கண் முதலிடம், காது இரண்டாமிடம் என்று வரிசை இல்லை. வலுக்குறைந்ததாய்த் தோன்றும் உறுப்பே மிகவும் தேவையானது என்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டால் நமக்குக் கிடைப்பது பந்தயம் மட்டுமே. குடும்பம் அன்று, ஊர் அன்று, திருச்சபையும் அன்று.

ஊர் என்னும் சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். பள்ளி விழா ஆசிரியரின் பொறுப்பு மட்டுமன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த 1950களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்னும் பெயரில் ஊர் மக்களே தம் பள்ளிக்கு வேண்டியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று அவர்கள் ‘நம் பள்ளிக்கு எத்தனை பரிசு?’ என்று கேட்கவில்லை. ‘நம் பள்ளிக்கு என்ன குறை?’ என்று கேட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தறிக்கூலியை இழந்து வந்து நின்ற அந்தத் தாய்க்குச் சட்டப்படியே அங்கே ஓர் இருக்கை உண்டு. அவர் அமர்ந்து கேட்க வேண்டிய கேள்வி, ‘இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் வென்றார்கள்?’ என்பதன்று. ‘இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் ஒருமுறைகூட மேடையேறவில்லை?’ என்பதே.

நம் நாட்டுப்புறக் கலைகளும் இதற்கு வழிகாட்டுகின்றன. கும்மி வட்டமாய்ச் சுற்றும் ஆட்டம். வட்டத்திற்கு முன்வரிசை இல்லை, பின்வரிசையும் இல்லை. தாளம் தவறும் சிறுமியை அடுத்து நிற்பவள் கை கொடுத்து இழுத்துச் செல்வாள். ஏனெனில் அவள் நின்றுவிட்டால் வட்டமே நின்றுவிடும். இத்தகைய ஆட்டத்தை நடுவர் முன் நிறுத்தி மதிப்பெண் இடலாம், பரிசும் தரலாம். ஆனால் மேடையின் அளவுக்காகவும் பரிசின் ஆசைக்காகவும் வட்டத்திலிருந்து நான்கு பிள்ளைகளை விலக்கிவிட்டு, நன்றாக ஆடுவோரை மட்டும் வைத்துக்கொள்ளும்போது, நாம் கும்மியைக் காப்பாற்றவில்லை. கும்மியின் உள்ளத்தைக் கொன்றுவிட்டு உருவத்தை மட்டும் காட்சிக்கு வைக்கிறோம்.

பிறரைப் பார்த்துச் சொல்லும் இச்சொற்கள் நம் வாசலுக்கும் உரியவை. நம் பங்குகளிலும் மறைக்கல்வி ஆண்டு விழாக்கள் நடக்கின்றன. விவிலிய வினாடிவினா உண்டு. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அன்பியங்களுக்கிடையே பாடல் போட்டியும் குடில் போட்டியும் உண்டு. நற்செய்தி வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குப் பரிசளிக்கிறோம். திக்கிப் பேசும் பிள்ளையை எந்த வரிசையில் நிற்கவைத்தோம்? இடையர் வேடத்திற்கும் தகுதியில்லை என்று எத்தனை பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் நாற்காலி தூக்கச் சொன்னோம்? பூசைக்கு உதவத் தெரியாததற்காகச் சிறுவனை விரட்டிய அந்தப் பணியாளர் கெட்டவர் அல்லர். திருப்பலி சிறப்பாக நடக்க வேண்டும் என்று விரும்பியவர்தான். விழா சிறப்பாக நடக்க வேண்டும் என்னும் அதே விருப்பம் நம்மையும் அவரைப்போல் ஆக்கிவிடுவதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? போட்டி நடக்கட்டும், திறமை மதிக்கப்படட்டும், நடுவர் பாரபட்சமின்றித் தீர்ப்பளிக்கட்டும். ஆனால் போட்டிக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதில்தான் ஒரு பள்ளியின் அறம் வெளிப்படும். வென்ற பிள்ளை தான் கற்றதை வகுப்புத் தோழருக்குக் கற்றுத்தந்தால், பரிசு ஒருவருடையதாக நின்றுவிடாது. தோற்ற பிள்ளை தன் கலையைத் தொடர இடம் கிடைத்தால், தோல்வி முடிவாக நின்றுவிடாது. இவ்விரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. நினைவில் வைத்திருக்கும் ஒரு பெரியவர் போதும்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் அத்தகைய ஒருவரை நாம் கண்டோம். சிறுமியின் கேள்வியைக் கேட்ட ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவளுடைய தலையைத் தடவி, “யாரு சொன்னா? நாளைக்குக் காலையில பிரேயர்ல நீதான் பாடப்போற. உங்க பாட்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லு அம்மாகிட்ட” என்றார். தாய் திரும்பிப் பார்த்தார். “அவங்க எதுக்குங்க டீச்சர்?” என்று கூச்சத்தோடு கேட்டார். “பாட்டு அவங்களோடதுதானே? மத்த பிள்ளைங்களும் கத்துக்கட்டும்” என்றார் ஆசிரியை.

பேருந்து வந்தது. அவர்கள் ஏறிச் சென்றார்கள். மறுநாள் அப்பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்திற்கு நாம் போகவில்லை. அங்கே நடுவர்களும் இருந்திருக்க மாட்டார்கள். ஆயினும் நடவு வயலில் பிறந்த ஒரு பாட்டு ஒரு பாட்டியிடமிருந்து பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்கு வந்து சேர்வதைக் காட்டிலும் பெரிய கலைத் திருவிழா வேறென்ன இருக்க முடியும் என்று எண்ணியவாறே, தறியோசை கேட்கும் அவ்வீதி வழியே நாமும் திரும்பினோம்.