வீட்டுக் கணக்கில் தருமத்துக்கு எந்த இடம்?

 

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு நோட்டு கட்டாயம் இருக்கும். அது மொய் நோட்டு. அப்பா காலத்து நோட்டு ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருக்கும். ஆனாலும் எந்த ஊர், யார் மகன், காதுகுத்தா கல்யாணமா, எவ்வளவு என்று ஒரு வரி விடாமல் எழுதியிருப்பார்கள். என்றோ வந்த 51 ரூபாயைத் தேடிப் பார்த்துத் திருப்பிச் செய்கிறவர்கள் நாம். அதே வீட்டில், போன மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆயிற்று, வட்டிக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். கணக்கு எழுதத் தெரியாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. ஊருக்குச் செய்ய வேண்டியதை எழுதுகிறோம், வீட்டுக்கு வேண்டியதை எழுதுவதில்லை.

மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் வரவு செலவுத் திட்டம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மைதான். சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவர் ஆவணி, புரட்டாசி மழைக்கு விதைத்து, தை மாசியில்தான் காசைப் பார்க்கிறார். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காரருக்குப் பங்குனி, சித்திரை. வெளிநாடு போனவர் வீட்டுக்கு அவர் அனுப்புகிறபோதுதான். ஆக வருடத்தில் இரண்டு மாதம் கை நிறைந்திருக்கும், மிச்ச மாதமெல்லாம் வறண்டிருக்கும். தை மாதம் கையில் இருப்பது அடுத்த தை வரைக்குமான பணம். அதை அந்த மாதத்துப் பணம் என்று நினைத்துச் செலவு செய்கிற இடத்தில்தான் வீடு சரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விதை, உரம், கூலி, மிஷின் வாடகை, சங்கத்துக் கடன் எல்லாம் கழித்து ஒரு வீட்டில் 84,000 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. பால் பணம் தீவனம் போக 3,000. மகளிர் உரிமைத் தொகை 1,000. அந்த வீடு மாதம் 11,000 ரூபாய் வீடு. மூட்டை ஏற்றிய வாரத்தில் தன்னை 84,000 ரூபாய் வீடு என்று அது நினைத்துக்கொண்டால் ஆடி மாதம் நகை அடகுக்குப் போகும். அந்த 11,000-லும் ஒரு ஆயிரத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து குருத்தோடு தின்றபோது நம் மாவட்டங்கள் பட்ட பாடு மறந்துவிடவில்லையே.

இவ்வளவும் சொன்னால் தாங்கலில் ஒருவர் கேட்பார்: "இப்படிப் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தால் தருமம் எப்படிச் செய்வது? பசி என்று வந்தவனுக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தா போடுவது?" நியாயமான கேள்வி. தருமம் செய்யச் சொன்ன அய்யாவின் பிள்ளைகள் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒருவர் நூற்றுக்கு மூன்று வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கி அன்னதருமத்துக்குக் கொடுக்கிறார். மாதம் 300, வருடம் 3,600 வட்டி மட்டும். அந்த வட்டியைக் கட்டப் போய், வீட்டம்மா குழுவில் எடுத்த கடனுக்குத் தவணை நிற்கிறது. குழுக் கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் தலையில் அது விழும். கூலி வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண், தன் பிள்ளைக்கு வைத்திருந்த இருநூறை எடுத்துக் கொடுப்பாள். அப்படியானால் அன்று இலையில் விழுந்த சோறு யார் செய்த தருமம்? கொடுத்தவள் அந்தப் பெண். அவளை யாரும் கேட்கவில்லை. பேர் மட்டும் மைக்கில் இன்னொருவர் பேராக வந்தது.

கடன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டுகிற அளவுக்குச் சிறுகடன் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. அது கொடுக்கிறவனுக்குப் போட்ட வேலி. 11,000 ரூபாய் வீட்டில் 5,500 தவணைக்குப் போனால் மீதியில் எப்படிச் சாப்பிடுவது? வாங்குகிறவன் அளவு அதற்கு வெகு கீழே இருக்க வேண்டும்.

அய்யா காணிக்கை வேண்டாம் என்றார். அதனால்தான் நம் பதிகளில் உண்டியல் இல்லை. தலைவரி என்றும் பனைக்கு வரி என்றும் திருவிதாங்கூர் அரசுக்குக் கட்டிக் கட்டி நொந்த மக்கள் நடுவில் நின்று சொன்ன வார்த்தை அது. சாமி பேரைச் சொல்லியும் ஏழை வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்பது அதில் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். வள்ளுவரும் ஈகைக்கென்று தனி அதிகாரம் எழுதிவிட்டு, அளவறிந்து கொடுப்பதை அரசனுக்குச் சொல்லும் வலியறிதலில் வைத்தார். கொடுப்பதற்குப் பலம் வேண்டும், அந்தப் பலத்தின் எல்லை தெரிய வேண்டும்.

ஆகவே நோட்டில் தருமத்தை மிச்சத்தில் எழுதாமல் முதல் வரியில் எழுதுங்கள். மளிகைக்கும் முன்னால். தொகை சின்னதாக இருக்கட்டும். நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்களே, அதுவும் முதல் வரிதான். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. இருபது வீடு சேர்ந்தால் 30 கிலோ, இருநூறு பேர் பசியாறலாம். எந்த வீட்டிலும் யாரும் வட்டி கட்ட வேண்டியதில்லை.

திடீரென்று அடுத்த வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால்? கொடுக்கத்தான் வேண்டும். எந்த வரியிலிருந்து எடுத்தோம் என்று எழுதிவிட்டு, அந்த மாதம் அந்த வரியைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். துணி தள்ளிப் போகட்டும். தொடாமல் வைத்த ஆயிரம் இருக்கிறது. அது புழுவுக்கு மட்டுமா?

எழுதுவது பெரிய வேலை இல்லை. விளக்கு வைத்த பிறகு பத்து நிமிடம், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லலாம். ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும்: எழுதாமல் நழுவுகிற செலவு பெரும்பாலும் ஆண்கள் சட்டைப் பையிலிருந்து நழுவுகிறது. டீக்கடை, பீடி, அதற்கு மேலும் சில. பிள்ளை கையில் பேனாவோடு "அப்பா, இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்கும்போது பாதி செலவு தானாக நின்றுவிடும்.

தாங்கலில் நாமும் சிலதை மாற்ற வேண்டும். கொடுத்தவர் பேரும் தொகையும் மைக்கில் வாசிக்கும்போது அன்னதருமமும் மொய்யாகிவிடுகிறது. அவர் ஆயிரம் என்றால் நான் எப்படி நூறு என்பது என்றுதான் கடன் வாங்கப் போகிறார்கள். வாசிப்பதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. சாமித்தோப்புத் திருவிழாவும் அப்படித்தான். இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல், வேன் வாடகை லேசில் வராது. ஆவணியில் போக நினைப்பவர் தையிலிருந்தே மாதாமாதம் ஒதுக்கிக் கொண்டு வரட்டும். ஒதுக்க முடியாதவரிடம் "வரவில்லையா?" என்று நாலு பேர் முன்னால் யாரும் கேட்க வேண்டாம். அந்தப் பதினோரு நாளும் இங்கே தாங்கலைப் பெருக்கவும் விளக்கேற்றவும் ஆள் வேண்டுமே, அவர் இருக்கட்டும்.