தாயமும் பிரயாசையும்

‘விளையாட்டுப் பிள்ளை’ என்பது நம்மவரிடையே ஒரு வசவுச் சொல். முப்பது வயதைக் கடந்து, தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்து, இரவில் விடியோ விளையாட்டு ஆடும் நமக்கு அவ்வசவு பழகிப் போயிற்று. ஆயினும் ஆட்டமெல்லாம் வீண்தானா? அன்பர்கள் சற்றே ஆராய்வார்களாக.

இன்று அடுக்குமாடிகளும் அங்காடிகளும் நிறைந்த பூச்சோங், முன்னர் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த ஊர். 1998-இல் அங்கு எஞ்சியிருந்த ஒரு தோட்டத்தில் நம் தந்தையார் கிராணி. நாம் பள்ளி மாணவர். ‘கிராணியார் மகன் லயத்துக்குப் போகலாகாது’ என்பது வீட்டுச் சட்டம். ஆனால் லயத்திலே, லோரி ஓட்டுநர் ஒருவர் வீட்டில், பசார் மாலாமில் வாங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்று வந்திருந்தது. திருட்டுத்தனமாய்ப் போனோம்.

ஆட்டம், 1985-இல் ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மேரியோ’. அதன் நாயகன் அரசனுமல்லன், அவதாரமுமல்லன். குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி. செத்தவன் அடுத்தவனிடம் ஆட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே லயத்து நியதி. நாம் முதற் பள்ளத்திலேயே வீழ்ந்தோம். பால்மரம் வெட்டுவோர் மகன் ஒருவன் எளிதில் தாண்டினான். எங்கே குதிப்பதென்று நமக்கும் காட்டினான். பள்ளியில் தவறினால் பிரம்பு. இங்கே தவறினால் மறுமுயற்சி. யார் மகன் என்று அப்பெட்டி கேட்கவில்லை.

நம் பாட்டியார் ஆடியதோ பரமபதம். அதிலே ஏணியும் பாம்பும் தாயக்கட்டையின் தயவு. ஆடுபவன் கற்பதற்கு ஒன்றுமில்லை. வாழ்வையும் அவ்வாறே எண்ணப் பழகினோம். சில ஆண்டுகளில் தோட்டம் விற்கப்பட்டது. லயத்தை விட்டுப் போகச் சொன்னபோது பெரியவர்கள் ‘தலையெழுத்து’ என்றார்கள். அந்த நண்பன் மட்டும் நம்மிடம் வந்து, “சட்டம் என்ன சொல்லுது? நீதான் இங்கிலீஷ் படிச்சவனாச்சே, படிச்சுச் சொல்லு” என்றான். வெட்கினோம். அதன் பின்னரே வேலைநீக்க நலன்கள் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளைத் தேடிப் படித்து, லயத்து வாசலில் தமிழில் சொன்னோம். அத்துணிவை அவனுக்கு ஆட்டம் அளித்தது என்று சாதிக்க மாட்டோம். வீழ்ந்தவன் விதியை நோவதை விடுத்து விதிமுறையைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே, இரண்டாம் முறையாகக் கற்றோம்.

நிற்க. இன்று அத்தாயக்கட்டை வேறு வேடத்தில் திரும்பியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும்படி சிறுவரைத் தூண்டும் ஆட்டங்கள் பல. 2018-இல் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் இதனைச் சூது என்றே தீர்ப்பளித்தது. சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம் இதைக் கண்டும் வாளாவிருக்கலாமா?

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்கி எறியுமுன் ஒன்று கேளுங்கள்: அவன் வெல்வது தாயத்தாலா, பிரயாசையாலா? முன்னதாயின் தடுங்கள். பின்னதாயின், அருகில் அமர்ந்து நீங்களும் ஒருமுறை வீழ்ந்து பாருங்கள்.