ஆளில்லாத ரோடும் ஆண்டவனும்

அண்ணன் மகன் இன்வர்னஸில் வேலை பார்க்கிறான். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டுக்கு அதுதான் பெரிய ஊர். லீவு கிடைத்தால் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வடகடலோரம் கிளம்பிவிடுவான். ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் ரோடு. எதிரே ஏதாவது வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்களாம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கடல், நடுரோட்டில் செம்மறி ஆடு. "சித்தப்பா, காலையிலேர்ந்து மிதிக்கிறேன், ஒரு மனுஷ முகம் பார்க்கல. சாமி இங்கதான் இருக்காரு" என்றான் போனில்.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு வம்பு.

அமைதிக்கு நான் எதிரியல்ல. பீச் - தாம்பரம் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மாம்பலத்தில் மாலை ஆறு மணிக்கு ஏறுகிற கூட்டத்தைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்துப் பார்த்தே ஆயுள் கழிந்தது. இப்போது விடிவதற்கு முன்னால் சேலையூரில் சைக்கிளை எடுத்தால் கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை. அங்கே தெற்கே திரும்பிவிட்டால் இடது கையில் கடல். முட்டுக்காடு பாலத்துக்கு வரும்போது வானம் வெளுக்கும். வலது பக்கம் உப்பங்கழி கண்ணாடியாகக் கிடக்கும். அந்த இடத்தில் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற பேச்சு தானாக நின்றுபோகும். அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அண்ணன் மகன் சொல்கிற அனுபவம் எனக்கும் தெரிந்ததுதான். அதற்கு அவன் கொடுக்கிற காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆண்டவன் இருக்கிறான் என்றால் மாம்பலம் ஸ்டேஷனில் அவன் இல்லை என்றாகிறது. இத்தனை வருஷம் கொடி காட்டிய எனக்கு அது ஒப்பவில்லை.

தவிர, முட்டுக்காட்டு அமைதி யாருடைய அமைதி? அதே நேரத்தில் கோவளம் குப்பத்தில் போட்டுகளின் இன்ஜின் சத்தம் காதைப் பிளக்கும். கூடைகளோடு பெண்கள் ஏலத்துக்கு வந்து நிற்பார்கள். தர்காவுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாசலில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்களுடைய பகல் தொடங்கி வெகுநேரம் ஆகியிருக்கும். எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். (ஹெல்மெட்டும் இறுக்கச் சட்டையுமாகக் கூட்டமாகப் பறக்கிற ஐடி இளைஞர்களுக்கு அதுவும் கேட்காது. அவர்கள் காதில் பாட்டு.)

எங்கள் சைக்கிள் கோஷ்டியில் ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் உண்டு. நான் இதைச் சொன்னதும், "காட்டுக்கும் குகைக்கும் போனவங்க எல்லாம் முட்டாள்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழ் எழுத்தில், கொடை கொடுத்தவர்களின் பெயர்களும் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. உப்பு வணிகன், துணி வணிகன், கலப்பைக் கொழு விற்பவன். உலகத்தை விட்டவனுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தது உப்பு விற்ற காசு. துறவி இதை மறைக்கவும் இல்லை. தலைக்கு மேலே பாறையிலேயே எழுதவிட்டான். வள்ளலாரையும் சொன்னேன். சென்னைச் சந்தடி வேண்டாமென்று கருங்குழிக்குப் போனவர்தான். போனவர் சும்மா இருந்தாரா? 1867-இல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தனிமையைத் தேடிப் போனவர், ஊர்ப்பட்ட பசித்தவர்களைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டார். ஆசிரியர் "ம்" என்றார். ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

அண்ணன் மகன் போகிற ரோட்டின் கதையைப் படித்த பிறகுதான் என் வம்பு முற்றியது. அந்த மலைநாடு எப்போதும் வெறிச்சோடிக் கிடந்த இடமல்ல. ஸ்ட்ராத்நேவர் என்றொரு ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே மாடு வளர்த்து, பார்லி விதைத்துக்கொண்டு கேலிக் மொழி பேசும் குடிகள் இருந்தார்கள். ஆட்டுரோமத்தில் வாடகை அதிகம் கிடைக்கும் என்று கண்ட சதர்லேண்ட் ஜமீன் 1814-இலும் 1819-இலும் அவர்களைக் கிளப்பியது. கூரைகள் கொளுத்தப்பட்டன. வெளியேற்றியவர்களில் முக்கியமானவன் பேட்ரிக் ஸெல்லார் என்ற ஜமீன் ஆள். அவன் மேல் மரணம் விளைவித்த குற்றச்சாட்டு வந்து, 1816-இல் இன்வர்னஸ் நீதிமன்றத்தில் விடுதலையானான். உழவர்களைக் கடலோரத்தில் துண்டு நிலம் கொடுத்து உட்காரவைத்து, மீன் பிடித்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். அப்படி உண்டான ஊர்தான் பெட்டிஹில். அவர்களைக் கிளப்பிய ஜமீனின் சீமாட்டி எலிசபெத்தின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகன் அங்கேதான் கூடாரம் போட்டான். அவன் வழியில் பார்த்த செம்மறி ஆடு சும்மா நிற்கவில்லை.

இன்னொன்று. க்ரோய்க் என்ற இடத்தில் சின்னதாக ஒரு தேவாலயம். 1845-இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் அதன் கல்லறை மைதானத்தில் துணிக்கூடாரம் கட்டித் தங்கின. தேவாலயத்துக்கு வெளியேதான். ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமிருந்து அவர்கள் கீறியவை இன்னும் இருக்கின்றன. அவற்றில் தங்களைப் பொல்லாத தலைமுறை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டை இடித்தவனைப் பற்றி அல்ல, தங்களைப் பற்றி! இது உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் செய்த பாதிரியார்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள்.

இதைப் படித்த பிறகு பெரும்பாக்கத்தைத் தாண்டும்போது என்னால் பழையபடி மிதிக்க முடியவில்லை. இடது பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது; பூநாரை பார்க்க கேமராவோடு வருகிறார்கள். ரோட்டை ஒட்டி எட்டு மாடி அரசுக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் வந்தன. வெள்ளத்துக்குப் பயந்து சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆற்றங்கரை சுத்தமானது. அங்கே இப்போது நடைபாதை போட்டால் நடப்பவர்கள் அமைதியாக இருக்கிறது என்பார்கள்.

அந்தக் குடியிருப்பு வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மா சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து வந்தவர். அங்கே நாலு வீட்டில் வேலை பார்த்தவர். இங்கிருந்து பஸ் ஏறி இறங்கவே பாதிச் சம்பளம் போய்விடும் என்று விட்டுவிட்டார். "என்ன பாவம் பண்ணோமோ சார், இங்க கொண்டாந்து போட்டுட்டாரு கடவுள்" என்றார். க்ரோய்க் கண்ணாடி ஞாபகம் வந்தது. "கடவுள் இல்லம்மா, கவர்மெண்ட் போட்ட உத்தரவு" என்றேன். அவர் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டே, "உத்தரவு போட்டவன் தலையிலயும் அவருதானே எழுதியிருப்பாரு?" என்றார்.

தமிழாசிரியர் கைதட்டாத குறைதான். சித்தாந்தப்படி அந்த அம்மா சொன்னதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம் என்கிறார் அவர். எனக்கு அது ஓட்டையாகவே தெரிகிறது. எல்லாவற்றையும் அவரே எழுதினார் என்றால் ஸெல்லார் இரண்டாம் முறையும் விடுதலையாகிறான், இந்தத் தடவை மேல் கோர்ட்டில். அதனால் விதியை நான் அவ்வளவு தூரம் நம்புவதாக இல்லை. அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னதற்கு, "அப்ப நான் அங்க சைக்கிள் ஓட்டக் கூடாதா சித்தப்பா?" என்று கோபித்துக்கொண்டான். தாராளமாக ஓட்டு என்றேன். அடுத்த லீவில் க்ரோய்க் பக்கம் போய் அந்தக் கண்ணாடியைப் படித்துவிட்டு, சாமி எங்கே இருந்தார் என்று அப்புறம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.