சிறுவர் பாதுகாப்புச் சட்டமும் தண்டனையின் அறமும்

ஒரு சமுதாயம் எச்செயலைக் குற்றமெனக் கொள்கின்றது என்பதைவிட, அக்குற்றத்திற்கு எவரைப் பொறுப்பாளியாக்குகின்றது என்பதிலேயே அதன் அறவுணர்வு வெளிப்படுகின்றது எனலாம். சிறுவரைச் சுரண்டுவதும் துன்புறுத்துவதும் குற்றம் என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. ஆயின், வறுமையால் உந்தப்பட்ட பெற்றோர் தம் பிள்ளையைப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பி, அங்கு அப்பிள்ளை துன்புற நேரின் தண்டனை எவரைச் சேர வேண்டும்? கடுமையான புதுச் சட்டங்கள் வேண்டுமென்ற குரல் எழும்போதெல்லாம் இவ்வினாவும் உடன் எழுதல் வேண்டும். சப்ரகமுவ மாகாணத் தோட்டப்புறங்களை மனத்திற்கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் இத்துறையிற் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டபோது சிறுவர் கொடுமை, சிறுவர் மீதான பாலியற் சுரண்டல், பாலியற் தொந்தரவு ஆகியன தனிக் குற்றங்களாக அதில் இடம்பெற்றன. 1998ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் ஆள் வியாபாரத்தைக் குற்றமாக்கி, கட்டாய உழைப்புக்குச் சிறுவரைச் சேர்ப்பவர் ‘பிள்ளை இசைந்தது’ எனக் கூறித் தப்பவியலாதவாறு செய்தது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது.

அதே ஆண்டு யூலை மாதத்தில், நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருந்த 16 வயதுச் சிறுமியொருத்தி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிரிழந்தாள். நாடெங்கும் எழுந்த கண்டனத்தில் இரு குரல்கள் கலந்திருந்தன. ஒன்று, தண்டனையைக் கடுமையாக்குக என்றது. மற்றையது, பள்ளி செல்ல வேண்டிய பிள்ளையை அனுப்பிய பெற்றோர் மட்டும் குற்றமற்றவரோ என வினவியது. இவ்விரண்டாவது குரலே ஆழ்ந்து நோக்கற்பாலது.

சட்டக்கோவையின் 308அ பிரிவு, 18 வயதிற்குட்பட்டவரைத் தம் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர் வேண்டுமென்றே அவரைத் துன்புறுத்துதல், புறக்கணித்தல், கைவிடுதல் ஆகியவற்றுக்கு இரண்டு முதல் பத்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. இச்சொற்களுள் பிள்ளையை வைத்து வேலை வாங்குபவரும் அடங்குவர், பெற்றோரும் அடங்குவர். சட்டத்தின் சொல் இருவரையும் ஒருங்கே தழுவலாம். ஆயினும் அறம் இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது.

காரணத்தைத் தோட்ட வாழ்வே உணர்த்தும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை முதலிய பகுதிகளில் இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. பால் வெட்டும் தாய் அதிகாலையிலேயே வேலைக்குச் செல்கின்றாள். மழை பெய்தால் பால் வெட்டு நின்றுவிடும், வருவாயும் குன்றும். உயர் வகுப்புகளுள்ள தமிழ்ப் பாடசாலை பல லயங்களுக்குத் தொலைவிலேயே உள்ளது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை உரிய காலத்திற் பெறவில்லை. 1970களிலேயே அரசு அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது. இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகையினர்க்கும் கூலி வகுத்தது. அன்று தோட்டத்துப் பிள்ளையைக் கூலியாளாகக் கணக்கிட்டது சட்டமே. இன்று அப்பிள்ளையின் வழித்தோன்றல்களைக் குற்றவாளிகளாக்க முற்படுமுன், தான் செலுத்தத் தவறிய கடன் யாது எனச் சட்டம் தன்னையே வினவிக்கொள்ளல் முறையாகும்.

அங்ஙனமாயின் வறுமை எக்குற்றத்தையும் மன்னித்துவிடுமோ என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. அதே வறுமையில் உழன்றும் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் பலருளர். பெற்றோரே பிள்ளையை வதைப்பின், அல்லது பாலியற் கொடுமைக்கு உடந்தையாயிருப்பின், வறுமை அதற்கு மறுமொழியாகாது. பிள்ளை துன்புறுவதை அறிந்தபின்னும் மாதப் பணத்திற்காக அதனை அங்கேயே விட்டுவைப்பவரும் பொறுப்பினின்றும் நீங்கார். எனினும், பிள்ளை ஒருவேளையேனும் வயிறார உண்ணட்டும் என நம்பி அனுப்பியவர் இவருள் ஒருவரல்லர். மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ட். வளர்ந்த ஒருவருக்கு உரிய ஊதியம் கொடுக்க வல்லவர், மலிவு என்பதற்காகவும் எதிர்த்துப் பேசாது என்பதற்காகவும் சிறுபிள்ளையை அமர்த்துகின்றார். அவரும் இடைநின்று தரகு பெறுபவருமே பிள்ளையைக் கருவியாக்குவோர். இல்லாமையால் விளைந்த இசைவு பெற்றோரின் பழியைக் குறைக்கலாம். அவ்விசைவைப் பயன்கொண்டவரின் பழியை அது சிறிதும் குறைக்காது.

அடுத்து, தண்டனையின் கடுமை பற்றியது. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையன்று, அதன் தவறாமையே என்பதை இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே வலியுறுத்தினார். பிரித்தானியாவில் 1802, 1819ஆம் ஆண்டுகளின் தொழிற்சாலைச் சட்டங்கள் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன. 1833ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் பெறும் பரிசோதகர்களை நியமித்த பின்னரே சிறுவர் உழைப்பின்மீது சட்டத்தின் கை படியத் தொடங்கிற்று. நம் நாட்டிற்கும் இது பொருந்தும். தோட்டத்துப் பிள்ளை தன் மொழியில் முறைப்பாடு செய்யவியலாத பொலிஸ் நிலையத்தில் பத்தாண்டுச் சிறை என்னும் விதியும் பயனற்றதே. 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயமாயுள்ளது. எனவே, வகுப்பிற்கு வராத பிள்ளை எங்கே என முதலில் வினவக்கூடியவர் ஆசிரியரே. அவ்வினாவிற்கு விடை தேடும் கடமையை அதிகாரிகள்மீது சுமத்தும் விதி, சிறைக்காலத்தை நீட்டும் விதியினும் பல பிள்ளைகளைக் காக்கும்.

ஆதலின், இனி வரும் எச்சட்டமூலத்தையும் மூன்று வினாக்களால் அளந்தறிதல் தகும். பிள்ளையின் உழைப்பால் பயன்பெற்றவரை அது முதற்கண் நாடுகின்றதா? பெற்றோரை வழக்கிற்கு இழுக்குமுன் அவர்க்கு உதவி அளிக்கப் பணிக்கின்றதா? லயத்துப் பிள்ளையின் குரல் அதன் காதில் விழ வழியுண்டா? இவற்றிற்கு விடை கூறாத சட்டம், பிள்ளை இறந்தபின் பழியைப் பகிர்ந்தளிக்கும் கருவியாகவே எஞ்சும். சட்டம் பயில்வோரும் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்லவிருப்போரும் நிறைந்த பல்கலைக்கழகத்தில் இவ்வினாக்கள் ஓயாது கேட்கப்படல் வேண்டும்.