பிறப்பில் உண்டோ குற்றம்?

ஓர் உயிர், தான் செய்த செயலுக்காக அன்றித் தான் பிறந்த பிறப்புக்காகக் குற்றமுடையதாகக் கருதப்படலாமா? மனிதரைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு நாகரிக உலகம் 'ஆகாது' என்று விடை கூறிவிட்டது. அவ்விடை நடைமுறையில் எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகின்றது என்பது வேறு விடயம். நாயைப் பொறுத்தவரையோ, 1991 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் 'ஆகும்' என்று சட்டமே இயற்றியது. ஆபத்தான நாய்கள் சட்டம் எனப்படும் அச்சட்டம், பிட் புல் டெரியர் முதலாய நான்கு வகை நாய்களை இனப்பெருக்குவதையும் விற்பதையும் தடைசெய்தது. விதிவிலக்குப் பெறாது அவற்றை வைத்திருப்பதும் குற்றமாயிற்று. நாய் எவரையேனும் கடித்ததா என்பது அங்கே கேள்வியன்று. தலையின் வடிவமும் மார்பின் அகலமும் காலின் அமைப்புமே சான்றுகள். தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது என்று அரச தரப்புக் குற்றஞ்சாட்டினால், அவ்வாறன்று என நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நாயின் சொந்தக்காரரையே சாரும்.

இது நாய்ப் பிரியர்களுக்குரிய சிறு வழக்கு எனச் சிலர் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால், 'இயல்பு' என்று நாம் எதனை அழைக்கின்றோம், அவ்வியல்பு எங்கிருந்து வந்தது, அதற்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விகள் இவ்வழக்கினுள் அடங்கியிருக்கின்றன. அவற்றுக்கு விடை காண விழைவோர் முதலில் இந்நாயின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கட்டையிலே பிணிக்கப்பட்ட காளையின்மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பது பல நூற்றாண்டுகளாக இங்கிலாந்தில் நிலவிய பொழுதுபோக்கு. 'காளை நாய்' எனப் பொருள்படும் புல்டோக் என்ற பெயரே அதிலிருந்து பிறந்ததுதான். அரசரும் பிரபுக்களும் ஒரு காலத்தில் விரும்பிக் கண்ட இத்தகைய காட்சிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் எளிய மக்களின் கேளிக்கையாக எஞ்சியிருந்தன. இதனைத் தடைசெய்யக் கோரிய மசோதாக்கள் 1800 இலும் 1802 இலும் பாராளுமன்றத்திலே தோல்வியுற்றன. அவற்றை எதிர்த்தோருள் முதன்மையானவர் வில்லியம் விண்டம். செல்வரின் நரிவேட்டையைத் தொடாது ஏழையின் விளையாட்டை மட்டும் தடுப்பது எவ்வாறு நீதியாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். விண்டம் ஏழைகளின் தோழர் அல்லர். கொடுமையைக் காப்பாற்றவே அவர் நீதியைத் துணைக்கழைத்தார். ஆயினும் அவர் சுட்டிய முரண்பாடு உண்மையானது. 1835 இல் காளைமீது நாயேவுதலும் நாய்ச்சண்டையும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. அத்தடை நியாயமானதே. ஆனால், நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டவிரோதமாவதற்கு 2004 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தடையினால் நாய்ச்சண்டை ஒழிந்துவிடவில்லை. காளையை ஒளித்துவைத்தல் கடினம். இரு நாய்களை ஒளித்துவைத்தல் எளிது. மதுச்சாலைகளின் பின்னறைகளிலே பந்தயக்காரர் கூடினர். புல்டோக்கின் பிடிவலிமையையும் டெரியரின் விரைவையும் ஒன்றுசேர்க்கும் பொருட்டு அவ்விரண்டையும் கலந்து பெற்ற கலப்பு நாய் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. எலிகளைக் குழியிலே விட்டு, எந்த நாய் எவ்வளவு விரைவாகக் கொல்லும் எனப் பணம் கட்டுவதும் அவர்களுடைய பொழுதுபோக்கு. 1823 இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்க் குழியிலே 'பில்லி' என்ற நாய் ஐந்தரை நிமிடத்தில் நூறு எலிகளைக் கொன்றது பெருஞ்சாதனையாகப் பேசப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சண்டையின் நடுவே மனிதர் குழியினுள் இறங்கி நாய்களைக் கையாற் பிடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆகவே, தன்னினத்தின்மீது சீற்றமும் மனிதர்மீது பணிவும் ஒருங்கே கொண்ட நாயையே வளர்ப்போர் நாடினர். இவ்விரு குணங்களும் மனிதனது தேவைக்கேற்ப, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை.

இந்நாயின் அடுத்த அவதாரம் கண்காட்சி மண்டபத்திலே நிகழ்ந்தது. பேர்மிங்ஹாம் நகரத்து நாய் வியாபாரி ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பார் 1862 இல் தூய வெண்ணிறமான புல் டெரியரைக் காட்சிக்கு வைத்தார். சண்டைக்குழியின் நாய், கனவான்களுக்கேற்ற துணையாக மாறிற்று. ஆனால், அழகுக்கும் ஒரு விலை உண்டு. வெண்மையைத் தரும் பரம்பரைக் கூறு செவிட்டுத்தன்மையோடு தொடர்புடையது. வெள்ளைப் புல் டெரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஒரு காதிலேனும் இரு காதிலுமேனும் கேட்கும் திறனற்றது என அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. முட்டை வடிவத் தலையும் இவ்வாறே கண்காட்சி நடுவரின் விருப்பத்துக்கேற்ப இருபதாம் நூற்றாண்டிலே செதுக்கப்பட்டதாகும். குழியிலே நாயின் உடலை விலையாகக் கொடுத்தவன் சூதாடி. மண்டபத்திலே கொடுத்தவன் இரசிகன்.

மறுபுறத்தில், பழைய கலப்பு நாய் ஸ்டாபோட்ஷயரின் சுரங்கத் தொழிலாளரிடமும் சங்கிலி வார்ப்போரிடமும் தொடர்ந்து வாழ்ந்தது. அப்பகுதியின் கிராட்லி ஹீத் என்னும் ஊர் தொழிலாளர் வரலாற்றிலே பெயர்பெற்றது. 1910 இல் அவ்வூரின் சங்கிலி செய்யும் பெண்கள், மேரி மெக்காதர் அம்மையாரின் தலைமையில், பத்து வாரங்கள் போராடி, மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்ற குறைந்தபட்சக் கூலியை வென்றெடுத்தனர். அதே ஊரின் 'குறொஸ் கன்ஸ்' மதுச்சாலையிலேதான் 1935 இல் நாய் வளர்ப்போர் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். அவ்வாண்டிலேயே ஸ்டாபோட்ஷயர் புல் டெரியர் தனியினமாக ஆங்கிலேயக் கென்னல் கிளப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதன் விளைவு நோக்கத்தக்கது. ஒரே மூதாதையின் வழிவந்த இரு கிளைகளில், சங்கமும் பதிவேடும் பெற்ற கிளை 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று பிட் புல் எனப் பெயர்பெற்ற கிளை தடைசெய்யப்பட்டது. இரத்தத்தையே அளவுகோலாகக் கொண்ட சட்டம், இரத்தத்தையும் ஒழுங்காக அளக்கவில்லை எனலாம்.

'குழந்தைகள் மடிகின்றனர், நீங்கள் தத்துவம் பேசுகின்றீர்கள்' என்று கேட்போர் உளர். அக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க மாட்டோம். எக்ஸ்.எல். புல்லி என்ற பேருருவ நாய்களால் பிரித்தானியாவிலே மனிதர் உயிரிழந்தது உண்மை. அதனை அடுத்தே இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023 டிசம்பர் 31 முதல் அவ்வகையை விற்பதும் இனப்பெருக்குவதும் தடைசெய்யப்பட்டன. தாடையின் வலிமை பரம்பரையானது. வலிய தாடை கடித்தால் காயம் பெரிது. வளர்ப்பே யாவும், பரம்பரை ஒன்றுமில்லை என வாதிடுவது விஞ்ஞானமாகாது.

ஆனால், இரத்தமே யாவும் என்பதும் விஞ்ஞானமன்று. பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று, நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கு மட்டுமே இனத்தினால் விளக்கத்தக்கது எனக் கண்டது. நெதர்லாந்து 1993 இல் பிட் புல்லைத் தடைசெய்து, கடிகள் குறையாமை கண்டு 2008 இல் அத்தடையை நீக்கியது. 2007 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே சட்டவிரோதச் சண்டைக் கூடமொன்றிலிருந்து கைப்பற்றப்பட்ட ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட பிட் புல்களில் மிகப் பெரும்பாலானவை கொல்லப்படாது காப்பகங்களுக்கும் இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டன. அவற்றுள் சில பின்னர் நோயாளிகளுக்கு ஆறுதலளிக்கும் பணியிலும் ஈடுபடுத்தப்பட்டன.

ஆகவே, இயல்பு என்பது வானத்திலிருந்து விழுந்த விதியன்று, உறைந்துபோன வரலாறு. பந்தயப் பணமும் கண்காட்சிப் பரிசும் குட்டியின் சந்தை விலையும் அந்நாயின் எலும்பிலும் தசையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவனை விட்டுவிட்டு எழுதப்பட்ட ஏட்டைத் தண்டிப்பது நீதியாகுமா? 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, எவ்வினத்து நாயாயினும் அது கட்டுமீறி ஆபத்து விளைவித்தால் அதற்குரிய மனிதரைக் குற்றவாளியாக்குகின்றது. அறநெறிக்கு இசைந்த பிரிவு அதுவேயாகும். அதனை மேலும் விரித்து, இலாபத்துக்காக மூர்க்கத்தைத் தெரிந்தெடுத்து இனப்பெருக்குபவனையும், ஆராயாது விற்பவனையும், சண்டையை நடத்திப் பணம் பண்ணுபவனையும் பொறுப்பாளிகளாக்குதல் வேண்டும். அவ்வாறு செய்தலே குழந்தைகளையும் காக்கும்.

இறுதியாக ஒன்று. பேர்மிங்ஹாமிலே பிறந்த பிரான்சிஸ் கால்ரன், கென்னல் கிளப் தோன்றிய பத்தாண்டுகளுக்குப் பின், 1883 இல், மனித இனத்தையும் தெரிந்தெடுத்து மேம்படுத்தலாம் என்னும் கோட்பாட்டுக்கு ஆங்கிலத்திலே பெயர் சூட்டினார். அக்கோட்பாடு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கட்டாய மலடாக்கற் சட்டங்களாகவும், நாசி ஜெர்மனியிலே படுகொலையாகவும் முடிந்தது. மனிதர் நாயினங்களைப் போன்றோர் அல்லர், அவ்வொப்புமையே நஞ்சு. ஆனால், பிறப்பைக் கொண்டு தீர்ப்பளிக்கும் மனம், தான் எங்கே பழகிற்றோ அங்கேயே நின்றுவிடுவதில்லை. செயலைக் கொண்டும், அச்செயலை விளைவித்த சூழலைக் கொண்டும், அச்சூழலால் இலாபமடைந்தோரைக் கொண்டும் தீர்ப்பளிக்கப் பழகுதலே நாம் வேண்டுவது. அப்பழக்கம் நாயின் வழக்கிலேயே தொடங்கினும் தாழ்வில்லை.