கதிரவன் மறையுமுன்

கூரையின்கீழ் உறங்கிப் பழகியவர்களுக்கு வெட்டவெளியில் ஓர் இரவைக் கழிப்பது பெருங்கவர்ச்சியாகத் தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகள் சாரணர் பாசறை அமைக்கின்றனர்; இளைஞர் மலையேறிக் கூடாரம் அடிக்கின்றனர்; திருத்தலங்களுக்கு நடந்து செல்வோர் சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுக்கின்றனர். வெயிலையும் குளிரையும் விரும்பி ஏற்பதால் மனிதன் பண்படுகிறான் என்னும் நம்பிக்கை இவற்றின் பின்னால் இருக்கிறது. இந்த நம்பிக்கை உண்மைதானா? துன்பத்தைச் சற்றே தொட்டுப் பார்த்தவன், துன்புறுவோரைத் தானாகவே நேசிக்கத் தொடங்கிவிடுகிறானா? சில ஆண்டுகளுக்குமுன் குற்றாலத்துச் சாரலில் நாம் கழித்த ஓர் இரவு இக்கேள்வியை நம்முன் வைத்தது. இன்றும் அது நம்மை விட்டு அகலவில்லை.

தென்காசிப் பக்கத்தாருக்குச் சாரலைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக மீதியை இப்பக்கம் தூவிச் செல்கிறது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நீர்பெருகி நிற்க, சிற்றாறு சிலிர்த்து ஓடும். வெயில் ஒரு நொடி, தூறல் ஒரு நொடி, இரண்டும் சேர்ந்து ஒரு நொடி என்று வானம் விளையாடும். தமிழகத்தின் பிற பகுதிகள் வெப்பத்தில் வாடும்போது, இங்கே மனிதர் குளிரைத் தேடி வந்து, அதற்காகப் பணமும் செலவிடுகின்றனர்.

அவ்வாறு ஓர் ஆனி மாதத்தில், ஒரே பங்கைச் சார்ந்த நாங்கள் பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களுமாகிய எங்களுக்கு விடுதியில் அறை எடுப்பது இயலாத காரியமன்று. ஆயினும், எளிமையைப் பேசுகிற நாம் ஓர் இரவாவது எளிமையாக வாழ்ந்து பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வி அனைவருக்கும் பிடித்துப்போயிற்று. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் தெரிந்தவர் ஒருவருடைய தென்னந்தோப்பில், அவருடைய இசைவோடு, தார்ப்பாய் கட்டித் தங்கினோம். தோப்புக்குக் காவலாக ஒரு பெரியவர் இருந்தார். அடுப்புக் கூட்டக் கல் எடுத்துத் தந்ததும், காற்று வரும் திசை பார்த்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் அவரே.

நள்ளிரவுக்குப்பின் காற்று வலுத்தது. சாரல் பக்கவாட்டில் அடித்தது. மேலே போர்த்தக் கம்பளம் கொண்டுசென்றிருந்த நாங்கள், கீழே விரிக்க நெகிழித்தாள் ஒன்றைத்தான் கொண்டுசென்றிருந்தோம். ஈரமண் உடலின் சூட்டைக் கீழிருந்தே உறிஞ்சிக்கொண்டது. பற்கள் தாளம் போடத் தொடங்கின. அப்போது அந்தப் பெரியவர் கோணிச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் இட்டுக்கொண்டு எங்கள் தார்ப்பாயின் ஓரத்தில் வந்து நின்றார். கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று பார்க்க வந்திருப்பார் என நினைத்துக்கொண்டோம். சிறிது நேரம் நின்றார்; பிறகு மோட்டார் அறையின் தாழ்வாரத்தை நோக்கிப் போய்விட்டார். உள்ளே வாருங்கள் என்று எங்களுள் ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு மணியளவில் எங்கள் எளிமை முடிவுக்கு வந்தது. நின்றிருந்த வேனில் ஏறி, குற்றாலத்தில் ஒரு விடுதியைத் தட்டியெழுப்பி, உலர்ந்த மெத்தையில் படுத்துக்கொண்டோம். கம்பளங்களைக் கவனமாக எண்ணிச் சுருட்டி எடுத்துச் செல்ல மறக்கவில்லை. விடுதியில் கம்பளிப் போர்வைகள் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். எனினும் ஒன்றையேனும் அத்தாழ்வாரத்தில் விட்டுச் செல்லலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழவில்லை.

காலையில் தார்ப்பாயை அவிழ்க்கத் திரும்பிச் சென்றோம். பெரியவர் ஏற்கெனவே அதை அவிழ்த்து, உதறி, மடித்து வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர, “ராத்திரி நல்லா உறங்குனியளா சார்?” என்று கேட்டார். அதில் குத்தலோ குறையோ சிறிதும் இல்லை. உண்மையான அக்கறையோடு கேட்ட கேள்வி அது. அதனாலேயே அது தைத்தது. அதே கேள்வியை அவரிடம் கேட்கும் துணிவு எங்களுக்கு அப்போது வரவில்லை.

இதை ஒரு பெரும் பாவமாகச் சித்திரித்துக் காட்டுவது நம் நோக்கமன்று. நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. அந்த இரவில் குளிர் என்னவென்று நமக்குத் தெரியாமல் இல்லை. நம் எலும்புவரை அது எட்டியிருந்தது. பிறர் துன்பத்தை உணர்வதற்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எது? இருந்தும் நாம் உணரவில்லை. குளிரை அறிந்திராத வேளையில் அவரைக் கவனியாமல் விட்டிருந்தால் அறியாமை எனலாம். குளிரில் நடுங்கிக்கொண்டே கவனியாமல் விட்டதை என்னவென்று சொல்வது?

உடலின் இயல்பே இதற்கு ஒரு விடை கூறுகிறது. மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே குளிர் தாக்கியதும் தோலிலும் கைகால்களிலும் உள்ள சிறு இரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக இரத்தம் உள்நோக்கிப் பின்வாங்குகிறது. குற்றாலத்து ஆனி இரவில் வெப்பமானி 20 பாகைக்கு மேலேயே நிற்கும். ஆனால் நனைந்த உடலிலிருந்து வெப்பம் பன்மடங்கு விரைவாக வெளியேறுவதாலும், காற்று அதை மேலும் அள்ளிச் செல்வதாலும் நடுக்கம் பிறந்துவிடுகிறது. அந்த இரவில் நம் உள்ளமும் உடலைப் போலவே நடந்துகொண்டது. ஓரங்களைக் கைவிட்டு நடுவுக்குள் சுருங்கிக்கொண்டது. தார்ப்பாயின் ஓரத்தில் நின்றவர் நம் கண்ணுக்குப் பட்டார், கருத்துக்குப் படவில்லை. துன்பம் மனிதனை விரிக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் அது சுருக்கவே செய்கிறது.

வெட்டவெளியே வீடாக வாழ்வோரை இதே சாலையோரத்தில் வேறொரு பருவத்தில் கண்டிருக்கிறோம். பிசான அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வந்து கிடை போடுவார்கள். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகள் இரவில் ஒரு வயலில் அடைக்கப்படும். அவற்றின் புழுக்கையும் சிறுநீரும் மண்ணுக்கு உரமாகும். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். நிலக்காரர் கூலியாகப் பணமோ நெல்லோ தருவார். ஆட்டு எரு அவ்வாண்டே பலன் தரும் என்பது உழவர் அறிந்த உண்மை. நாம் உண்ணும் சோற்றில் கீதாரியின் தூங்காத இரவும் கலந்திருக்கிறது எனலாம்.

அவர்களுக்கு வாய்ப்பது வெயில். காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே காப்பு வியர்வைதான். அந்த வியர்வைக்கு நீர் வேண்டும். சற்று நிழல் வேண்டும். ஓர் உடைமரத்தின் கிழிந்த நிழலில் நின்றிருந்த முதிய கீதாரி ஒருவரிடம், சாரல் தொடங்கிவிட்டால் குளுமையாக இருக்குமே என்று பேச்சுக்குச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, “அதுக்கு முன்னால கிழக்க கரிசக்காட்டுப் பக்கம் போயிருவோம். ஈரம் ஆட்டுக்கு ஆகாதுல்லா” என்றார். நாம் எதைத் தேடிக் குற்றாலம் வருகிறோமோ, அதற்கு அஞ்சி அவர் அங்கிருந்து புறப்படுகிறார். வேண்டாதபோது திரும்பிச் செல்ல இடம் இருப்பவனுக்குத்தான் சாரல் இன்பமாகிறது.

விவிலியத்திலும் இக்கீதாரியின் குரலைக் கேட்கலாம். தொடக்கநூலில் யாக்கோபு தம் மாமன் லாபானிடம் இருபது ஆண்டுக் கணக்கை எடுத்துரைக்கிறார். பகலில் வெப்பமும் இரவில் குளிரும் தம்மை வாட்டியதையும், கண்ணுறக்கம் தம்மை விட்டுப் போனதையும் அவர் முறையிடுகிறார். லாபான் கொடியவன் என்று மட்டும் இதற்குப் பொருள் கொண்டால் போதாது. இருபது ஆண்டுகள் ஒருவருடைய உழைப்பால் வாழ்ந்தும், அவர் எங்கே, எப்படி உறங்கினார் என்று கேட்காதவன் அவன். அவ்வகையில் தென்னந்தோப்பில் நாமும் லாபானின் உறவினராகவே நடந்துகொண்டோம்.

அப்படியானால் விரும்பி ஏற்கும் துன்பம் வெறும் விளையாட்டுத்தானா? பாசறைகளையும் நடைப்பயணங்களையும் கைவிட்டுவிடலாமா? அவ்வாறு கூறுவது அறிவுடைமை ஆகாது. நோன்பும் விரும்பி ஏற்கும் பசிதான். வேறு வழியின்றிப் பட்டினி கிடப்பவரின் பசியும் அதுவும் ஒன்றல்ல என்பது எல்லாரும் அறிந்ததே. அதனாலேயே திருச்சபை நோன்பைத் தனித்து விடாமல் ஈகையோடு பிணைத்து வைத்தது. இறைவன் விரும்பும் நோன்பு எதுவெனக் கூறவந்த எசாயா இறைவாக்கினரும், தங்க இடமற்ற வறியோரை இல்லத்திற்கு அழைத்து வருவதை அதன் பகுதியாகச் சொல்கிறார். பசியின் அளவைக் கொண்டு அவர் நோன்பை அளக்கவில்லை; திறந்த கதவைக் கொண்டு அளக்கிறார். வெட்டவெளியில் ஓர் இரவு என்பதையும் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

ஆனால் கதவைத் திறக்கும் மனம் குளிரின் நடுவில் திடீரெனப் பிறந்துவிடாது என்பதே நாம் கண்ட உண்மை. கடுங்குளிரின் எல்லையில் வாழ்வோர் இதை நன்கு அறிவர். இமயத்தின் சியாச்சின் பனிப்பாறையில் 1984 முதல் நம் படைவீரர்கள் கூடாரங்களிலும் குடில்களிலும் தங்கிக் காவல் புரிகின்றனர். அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 பாகை வரையிலும் இறங்குவதுண்டு. 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்நிலை ஒன்று பனிச்சரிவில் புதையுண்டது. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பிரிவைச் சார்ந்த 10 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டு மைந்தர்கள். கடுங்குளிரில் பணியாற்றுவோருக்கு அளிக்கப்படும் பயிற்சியில், ஒருவர் மற்றவருடைய முகத்தையும் விரல்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பாடம். உறையத் தொடங்கிய விரல் உணர்விழந்துவிடுவதால், தனக்கு நேர்வதைத் தானே அறிவது அரிது. எனவே அடுத்தவரைப் பார்ப்பது அவ்வப்போது எழும் இரக்கத்திற்கு விடப்படவில்லை. குளிர் வருமுன்னரே அது விதியாக்கப்பட்டுவிட்டது.

இறைவனின் சட்டமும் இவ்வழியையே கைக்கொண்டது. விடுதலைப் பயண நூலில், ஏழை ஒருவனுடைய மேலாடையை அடகாகப் பெற்றவன், கதிரவன் மறையுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. அவனுக்குள்ள ஒரே போர்வை அது என்பதும், வேறு எதைப் போர்த்தி அவன் உறங்குவான் என்பதும் காரணமாகக் காட்டப்படுகின்றன. இக்கட்டளை நேரத்தைக் குறித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏழை நடுங்கத் தொடங்கும்போது கொடு என்று அது சொல்லவில்லை. நடுங்கும் வேளையில் அடகு பெற்றவனும் தன் போர்வைக்குள் சுருண்டிருப்பான். அப்போது அவன் மனம் அவனுடையதாக இராது. வெளிச்சம் இருக்கும்போதே, குளிர் தொடங்குமுன்பே, கடமை முடிக்கப்பட வேண்டும். மனிதனுடைய நல்லெண்ணத்தின் எல்லையை அறிந்தவர் இயற்றிய சட்டம் அது.

நம் நாட்டிலும் 2010ஆம் ஆண்டு, கடுங்குளிரில் சாலையோரத்தில் மாண்டவர்கள் குறித்த முறையீட்டின்பேரில், நகரங்களில் வீடற்றோருக்கு இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் அமைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1 லட்சம் மக்களுக்கு ஒன்றேனும் வேண்டும் என்பது அளவு. இரக்கப்படும் நெஞ்சங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆயினும் இரக்கம் விழித்தெழும்வரை குளிர் காத்திருப்பதில்லை. அதனால்தான் ஆணை தேவைப்பட்டது.

பெரும் ஆணைகள் அரசுக்கு உரியன. சிறு ஆணைகளை நம் இல்லத்திலேயே நாம் இயற்றிக்கொள்ளலாம். நம் வீட்டுக் காவலர், தோப்புக் காவலர், பங்கின் திருவிழாக் காலத்தில் பந்தலுக்குக் காவலிருக்கும் தொழிலாளி, சீசன் கடையின் சரக்கோடு சரக்காகச் சாய்ந்து கிடக்கும் சிறுவன், இவர்கள் எதன்மேல் படுக்கிறார்கள், எதைப் போர்த்துகிறார்கள் என்பதை மாலையிலேயே கேட்டுவிடலாம். பங்குனி வெயிலில் நம் வாசல் வழியே மந்தை போகும்போது ஒரு குடம் தண்ணீர் வெளியே இருக்க வேண்டும் என்பதை மாசியிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அந்த இரவுக்குப்பின் நாங்களும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். குற்றாலம் செல்லும்போதெல்லாம் ஒரு பாயும் ஒரு கம்பளமும் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும். அவை திரும்பி வரக்கூடாது. மறு ஆண்டு அத்தோப்புக்கு அவற்றோடு சென்றபோது, அங்கே வேறொருவர் காவலிருந்தார். பழைய பெரியவர் மகள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவரை நாம் மறுபடி காணவில்லை. கம்பளத்தைப் புதியவர் பெற்றுக்கொண்டார். கடனைத் தீர்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கடன் பட்டவரிடம் அது போய்ச் சேரவில்லையே.

ஆனால் அன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோதே, கதிரவன் மலைக்குப்பின் மறையுமுன்னரே, புதியவரிடம் ஒன்று கேட்டோம். நேற்று இரவு நன்றாக உறங்கினீர்களா என்று.